எண்பது மீட்டர்

சமையலறை ஜன்னலைத் திறந்தால் பிளாட்பாரம்.
ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கி
மலாயில் மன்னிப்புக் கேட்பது
என் குழம்புச் சட்டிவரை கேட்கும்.
ஆனால் சுங்கை தெம்புசு ஸ்டேஷனுக்கு வாசல் ஒன்றுதான்.
அது கிழக்கே.
நாங்கள் மேற்கே.
நடுவில் தண்டவாளம், கம்பிவேலி.
சுற்றிப் போனால் செம்பனை ஆலையைத் தாண்டி
லோரிப் பாலத்துக்கு அடியில் நுழைந்து
மூன்று கிலோமீட்டர்.

அந்தப் பக்கம் தாமான் மெலாத்தியில்
எங்கள் வீட்டைப் போலவே ஒரு வீடு
(அதே மூன்று அறை, அதே ஒழுகும் குளியலறை)
மூன்று லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி.
எங்கள் பக்கம் இரண்டு லட்சத்து இருபது.
பஞ்சாங்கத்தின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன்.
மீட்டருக்கு இரண்டாயிரம் வருகிறது.
கல்யாணப் பட்டைக்கூட
இந்த விலைக்கு யாரும் அளந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் வேலியில் அந்தத் துளை.
யார் வேலை என்று யாரும் சொல்லவில்லை.
பதினாறாம் எண் அமிர்தலிங்கம் மட்டும்
தன் கம்பிவெட்டியைக் காணோம் காணோம் என்று
சிரிக்காமல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.
ஐந்து நாற்பது ரயிலுக்கு
ஒவ்வொருவராய்க் குனிந்தோம்:
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகும் நான்,
ஜாகா உடுப்பைப் பையில் மடித்த நேபாளிப் பையன்,
குதிகால் செருப்பைக் கையில் பிடித்த ஷர்மளா.
இரண்டு பக்கமும் பார்த்து,
சாமியையும் ஒருதரம் பார்த்து, ஓடுவோம்.

துளைக்கு நேர் எதிர் வரிசையில்
வாடகை ஐம்பது வெள்ளி ஏறியது.
ரயில்காரர்கள் வந்து வேலியைத் தைத்தார்கள்,
ஐம்பது இறங்கியது.
மறுபடி வெட்டு, மறுபடி ஐம்பது.
கடைசி வீட்டு லோ தவுக்கே
வீட்டை மதிப்புப் போட வந்த வங்கி ஆளிடம்
"இன்னிக்கு வேணாம், அடுத்த செவ்வாய் வாங்க" என்று
கெஞ்சியதை நானே கேட்டேன்.
அன்று தையல் புதிது.

மேம்பாலம் கேட்டு மனு எழுதியது நான்தான்.
என் எழுத்து திருத்தமாக இருக்கும்.
இரண்டு ஞாயிறு, நாய்களுக்குப் பயந்து பயந்து,
இருநூற்றுப் பதினேழு கையெழுத்து.
வீட்டுக்காரர் பொன்னுடைராஜும் போட்டார்,
ஒருநாளும் ரயில் ஏறாதவர்.
என் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

பாலம் வந்தது.
ரிப்பன் வெட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள்.
மின்தூக்கி ஒரு வாரம் ஓடியது.
அடுத்த மாதம் முச்சந்தியில் பெரிய பதாகை:
ரயிலடிக்கு இரண்டே நிமிடம்!
படம் என் சமையலறை ஜன்னலிலிருந்து எடுத்தது.
மூலையில் என் கறிவேப்பிலைச் செடி,
ஒரு கிளை மட்டும்.

எழுநூறாக இருந்தது ஆயிரத்து நூற்றைம்பது ஆனது.
"நானா ஏத்துறேன் புவனா? பாலம் ஏத்துது"
என்றார் வீட்டுக்காரர்.
கெட்டவர் இல்லை.
சாமான் ஏற்ற தன் லோரியை இனாமாய்க் கொடுத்தார்.

இப்போது பழைய மூன்றாம் டிவிஷனுக்குப் பின்னால்,
செம்பனை வெட்டிக் கட்டிய தாமான்.
ஆறு கிலோமீட்டர்.
மோட்டார் சைக்கிள் நிறுத்த நாளுக்கு இரண்டு வெள்ளி,
நாலு மணிக்கே அலாரம்.
பாலத்தின் மேல் ஏறும்போது ஜன்னல் தெரியும்.
நீலத் திரை போட்டிருக்கிறார்கள்.
கீழே வேலியில் துளை அப்படியே இருக்கிறது,
தைக்க யாரும் வருவதில்லை.
போன வாரம் ஒரு உடும்பு
அவசரமே இல்லாமல் அதில் நுழைந்து போயிற்று.

நேற்று சாயங்காலம் கதவைத் தட்டி ஒரு பையன்,
கையில் அட்டை, காகிதம்.
ரயிலடிவரை பஸ் விடச் சொல்லி மனுவாம்.
அறுபது பேர் போட்டுவிட்டார்களாம்.
பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டேன்:
"தம்பி, உங்க வீடு சொந்தமா, வாடகையா?"
"வாடகைதான்க்கா. ஏன்?"

தூறல் பிடித்திருந்தது.
காகிதம் நனையுது,
உள்ளே வா என்றேன்.